வழக்கமும் வழக்கும்: இந்தியாவில் காரின் உருவத்தைத் தீர்மானிக்கும் உரிமை கைமாறிய வரலாறு

1910-ஆம் ஆண்டு கல்கத்தாத் தெருவில் ஓர் அன்னம் ஊர்ந்து வந்தது. உயர்ந்து வளைந்த கழுத்து, தாமரை வேலைப்பாடு கொண்ட உடல், இருட்டில் ஒளிரும் கண்கள், நீராவி பீறிடும் அலகு. உண்மையான பறவையை ஒத்திருக்க வேண்டும் என்பதற்காகப் பின்புறத்திலிருந்து சுண்ணாம்புக் கரைசலைச் சாலையில் சிந்தும் ஏற்பாடுகூட அதில் இருந்தது. அந்த அன்னத்தின் அடியில் இருந்தது 25/30 குதிரைத்திறன் வகையைச் சேர்ந்த ஒரு புரூக் மோட்டார் வண்டி. கல்கத்தாவில் வாழ்ந்த ராபர்ட் நிக்கல் மேத்யூசன் என்ற பிரித்தானியச் செல்வர் இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட் நகரில் அதைச் செய்வித்து வரவழைத்தார். முதல் உலாவிலேயே தெருவில் பெருங்குழப்பம் விளைந்து, காவல்துறை தலையிட வேண்டியதாயிற்று. பின்னர் நாபா மன்னரிடம் சென்ற அந்த வண்டி, இன்று நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் உள்ள லௌமன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இந்நிகழ்ச்சி பெரும்பாலும் வேடிக்கைக் கதையாகவே சொல்லப்படுகிறது. ஆனால் அதில் வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. காவல்துறையின் கவலை தெருவின் ஒழுங்கைப் பற்றியது. குதிரைகளும் மனிதரும் மிரண்டதே குற்றம். "இந்த வண்டி, நிறுவனம் வடிவமைத்த மூல உருவத்திலிருந்து மாறுபட்டிருக்கிறதே" என்ற கேள்வியை எவரும் எழுப்பவில்லை. எழுப்பியிருக்கவும் முடியாது; மூல உருவம் என்ற ஒன்று அவ்வண்டிக்கு இருந்ததே இல்லை.

ஏறத்தாழ 109 ஆண்டுகள் கழித்து, 2019 ஜனவரி 9 அன்று, கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றியமைக்க உரிமையாளருக்கு அனுமதி இல்லை என்பதே தீர்ப்பின் சாரம். 1910-இல் இல்லாதிருந்த 'மூல உருவம்' 2019-இல் சட்டத்தின் அளவுகோலாகி நின்றது. இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையில், ஒரு காரின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் உரிமை வாங்குபவரிடமிருந்து உற்பத்தியாளருக்குக் கைமாறியது. தனிப்பட்ட ரசனைப்படி உருமாற்றப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்களின் வரலாற்றில் இந்தக் கைமாற்றம் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

*

சொற்களிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். ஆங்கிலத்தில் 'கஸ்டம் கார்' என்ற தொடரில் வரும் 'கஸ்டம்' என்ற சொல்லின் முதற்பொருள் பழக்கம், வழக்கம். ஒரே கடையில் வழக்கமாக வாங்குபவர் 'கஸ்டமர்' ஆனார். அவர் சொன்னபடி செய்து தரப்பட்ட பொருள் 'கஸ்டம்' ஆயிற்று. பெரும்பான்மையோரின் பழக்கத்தைக் குறித்த சொல், ஒருவருக்கென மட்டும் செய்யப்பட்ட பொருளைக் குறிக்கும் சொல்லாக இப்படி இடம்பெயர்ந்தது.

தமிழிலும் இதற்கு இணையான ஒரு பெயர்ச்சி உண்டு. இலக்கண நூல்கள் உலக வழக்கு, செய்யுள் வழக்கு என்று பேசும்போது வழக்கு என்பது பயன்பாட்டைக் குறிக்கிறது. நீதிமன்றத்தில் அதே சொல் பிணக்கைக் குறிக்கிறது. பலர் பயின்று வருவதும் வழக்கு. இருவர் மாறுபட்டு மன்றேறுவதும் வழக்கு. இந்தியாவில் காரின் உருவம் கடந்துவந்த பாதையும் முதற்பொருளிலிருந்து இரண்டாம் பொருளை நோக்கியே சென்றிருக்கிறது.

வினைச்சொற்களும் இதையே காட்டுகின்றன. மேத்யூசன் அன்னத்தைச் 'செய்வித்தார்'. செய்வித்தல் பிறவினை, கைவேலை இன்னொருவருடையது, ஏவியவர் உரிமையாளர். இன்று பட்டறையில் வழங்கும் சொற்கள் வேறு: வண்டியை 'மாடிஃபை' செய்தல், 'ஆல்ட்டர்' செய்தல். மாற்றுதல் என்ற வினைக்கு முன்பே முழுமையாக இருக்கும் ஒரு பொருள் செயப்படுபொருளாக வேண்டும். எதிலிருந்து மாற்றினாய் என்ற கேள்வி அவ்வினைக்குள்ளேயே இருக்கிறது. செய்வித்தவரிடம் அக்கேள்வியைக் கேட்க இடமில்லை.

*

செய்வித்தல் சாத்தியமானதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. தொடக்ககால மோட்டார் வண்டி இரு பகுதிகளால் ஆனது. எஞ்சினும் அச்சுகளும் சக்கரங்களும் தாங்கிய சேஸிஸ் ஒன்று. அதன்மேல் மரச்சட்டமும் உலோகத் தகடும் கொண்டு கட்டப்படும் கூடு மற்றொன்று. உயர்விலைக் கார் நிறுவனங்கள் சேஸிஸை மட்டுமே விற்றன. கூட்டைக் கட்டியவர்கள் குதிரைவண்டிக் காலத்திலிருந்து அத்தொழிலைச் செய்துவந்த கைவினைப் பட்டறையினர். இங்கிலாந்தில் பார்க்கர், ஹூப்பர், தர்ப் அண்ட் மேபர்லி, கர்னி நட்டிங் ஆகியவை அத்தகைய பட்டறைகள். ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் தன் பெயரிலேயே முழு உருவத்துடன் ஒரு காரை விற்கத் தொடங்கியது 1949-இன் சில்வர் டான் வண்டியில்தான். அதற்கு முந்தைய ரோல்ஸ்-ராய்ஸ் ஒவ்வொன்றும் இன்றைய பொருளில் 'கஸ்டம் கார்' தான். ஆனால் அக்காலத்தில் அது விலக்கு அன்று, நடைமுறை. அதற்குத் தனிப்பெயர் தேவைப்படவில்லை.

இந்திய மன்னர்கள் இந்நடைமுறையின் பெரிய வாடிக்கையாளர்கள். ராஜ்கோட் மன்னருக்காக 1934-இல் தர்ப் அண்ட் மேபர்லி கட்டிய காவி நிற ரோல்ஸ்-ராய்ஸ் ஃபேன்டம் II, 'ஸ்டார் ஆஃப் இந்தியா' என்ற பெயரில் இன்றும் பேசப்படுகிறது. ஸ்போர்ட்ஸ் கார் ரசனை என்ற கோணத்தில் பார்த்தால் இவர்களுள் முதன்மையானவர் இந்தூரின் இரண்டாம் யஷ்வந்த் ராவ் ஹோல்கர் (1908–1961). ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் எக்கார்ட் முத்தேசியஸைக் கொண்டு 1930-களின் தொடக்கத்தில் மாணிக் பாக் அரண்மனையை நவீன பாணியில் அமைத்தவர் அவர். பிரான்குசியின் சிற்பங்களை வாங்கியவரும் அவரே. மேன் ரே அவரைப் புகைப்படம் எடுத்திருக்கிறார்.

1930-களின் நடுப்பகுதியில் ஹோல்கர் அமெரிக்காவின் டூசன்பெர்க் நிறுவனத்திடமிருந்து எஸ்.ஜே. வகை சேஸிஸ் ஒன்றை வாங்கினார். நேர்வரிசையில் எட்டு உருளைகள், ஏறத்தாழ 6.9 லிட்டர் கொள்ளளவு, காற்றை அழுத்திச் செலுத்தும் சூப்பர்சார்ஜர். நிறுவனம் அறிவித்த திறன் 320 குதிரைத்திறன். அதற்கான கூட்டை லண்டனின் கர்னி நட்டிங் பட்டறை கட்டியது. இருவர் மட்டுமே அமரும் உடல், நீண்ட முன்மூடி, பின்னோக்கிக் குவியும் வால், கருமையும் செம்மஞ்சளும் கலந்த நிறம். பென்சில்வேனியாவில் வார்த்த எஞ்சின், லண்டனில் வளைத்த தகடு, இந்தூரின் தேர்வு ஆகிய மூன்றும் சேர்ந்து அந்தக் கார். அதன் 'மூல வடிவமைப்பாளர்' யார் என்று கேட்டால் ஒற்றை விடை கிடையாது.

ஹோல்கரின் காரைக் கலையாகவும் அன்னக் காரைப் பகட்டாகவும் பிரித்துப் பார்ப்பது எளிது. அந்தப் பிரிவினையே ஆராயத்தக்கது. ரசனை என்பது ஒருவரின் வகுப்பிடத்தை அறிவிக்கும் குறியாகவும் செயல்படுகிறது என்று பியர் பூர்தியு 1979-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். இருவருமே பட்டறைக்கு எழுதிச் செய்வித்தவர்கள். இருவருக்குமே பணம் இருந்தது. ஒருவரின் தேர்வு ஐரோப்பிய நவீனத்துவத்தோடு ஒத்துப்போனது, மற்றவருடையது ஒத்துப்போகவில்லை. ஆயினும் தம் காரின் உருவத்தைத் தீர்மானிக்கும் உரிமை இருவருக்கும் ஒரே அளவில் இருந்தது. அவ்வுரிமை செல்வத்தின் எல்லைக்குள் மட்டுமே நின்றது என்பதையும் மறக்கலாகாது. 1910-இலோ 1935-இலோ சாமானிய இந்தியரின் ரசனைக்குக் காரில் இடம் இருக்கவில்லை. அவரிடம் கார் இல்லை.

*

இந்த நிலையை முடித்துவைத்தது சட்டம் அன்று, எஃகுத் தகடு. சேஸிஸும் கூடும் தனித்தனியாக இல்லாமல், வண்டியின் உடலே அதன் எலும்புக்கூடாகவும் இருக்கும் ஒற்றைக்கூட்டு அமைப்பை லான்சியா லாம்ப்டா 1922-இல் முன்வைத்தது. சிட்ரோயென் டிராக்ஸியோன் அவான் 1934-இல் அதைப் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்தது. எடை குறைந்தது, விலை குறைந்தது, உறுதி கூடியது. ஆனால் கூட்டை மாற்றினால் எலும்பையே அறுக்க வேண்டும் என்ற நிலையும் வந்தது. கார் சாமானியருக்கு நெருங்கிவந்த அதே காலத்தில் அதன் உருவம் அவர் கைக்கு எட்டாமல் மூடிக்கொண்டது. மாபெரும் அச்சு இயந்திரங்களில் தகடு அழுத்தும் நிறுவனமே இனி உருவத்தின் ஒரே ஆசிரியர் ஆயிற்று.

விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் இது இன்னும் கடுமையாக வெளிப்பட்டது. இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது, 1971-இல் மன்னர் மானியமும் ஒழிந்தது. சாலையில் எஞ்சியவை பெரும்பாலும் மூன்று: அம்பாசடர், பின்னர் பத்மினி எனப் பெயர்பெற்ற ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. முதலிரண்டும் ஒற்றைக்கூட்டு வண்டிகள். 1961 முதல் சென்னையை அடுத்துத் தயாரிக்கப்பட்ட ஹெரால்டு மட்டும் வேறுபட்டது. அதற்குத் தனிச் சேஸிஸ் இருந்தது. இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்த அதன் உடல் பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டுத் திருகாணிகளால் பிணைக்கப்பட்டிருந்தது. இங்கிலாந்தில் ஹெரால்டின் சேஸிஸைச் சுருக்கித்தான் 1962-இல் ட்ரையம்ப் நிறுவனம் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கியது. ஸ்போர்ட்ஸ் கார் விற்கப்படாத ஒரு நாட்டில், ஸ்போர்ட்ஸ் கார் ஆகக்கூடிய ஓர் எலும்புக்கூடு குடும்பக் காரின் வேடத்தில் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சாத்தியத்துக்குக் களமாக அமைந்தது சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்குப் பல்லாண்டுகள் பந்தயங்களை நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறக்கப்படும்வரை தென்னிந்தியப் பந்தயத்தின் மையம் சோழவரமே. எடை குறைத்த, உயரம் தாழ்த்திய, எஞ்சின் சீரமைத்த உள்நாட்டுக் கார்கள் அங்கே ஓடின. கோவையின் எஸ். கரிவரதன் 1980-களின் பிற்பகுதியில் மாருதி 800-இன் சிறிய எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். பந்தயத் தடத்துக்குப் பதிவுச் சான்று தேவையில்லை. எனவே உரிமம்-அனுமதிக் காலத்திலும் உருவத்தைச் செய்விக்கும் மரபு தடத்தின் வேலிக்குள் உயிரோடு இருந்தது.

*

1991-க்குப் பிறகு அம்மரபு மீண்டும் சாலைக்கு வந்தது. அமெரிக்காவின் ஆர்ட் சென்டர் வடிவமைப்புக் கல்லூரியில் பயின்ற திலிப் சாப்ரியா 1993-இல் மும்பையில் டி.சி. டிசைன் நிறுவனத்தைத் தொடங்கினார். 2004-இல் வெளிவந்த 'டார்ஜான்: தி வண்டர் கார்' என்ற இந்தித் திரைப்படத்துக்காக டொயோட்டா எம்.ஆர்.2 என்ற ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரை அந்நிறுவனம் அடையாளம் தெரியாதபடி உருமாற்றியது. ஒரு தலைமுறை இளைஞர்களுக்கு அதுவே 'மாடிஃபைடு கார்' என்ற சொல்லின் காட்சி வடிவம். அக்காரை அழகு என்றவரும் உண்டு, மிகை என்றவரும் உண்டு. அன்னக் காரைப் பற்றி எழுந்திருக்கக்கூடிய விவாதமும் இதுவே.

அதே நிறுவனம் 2012-இல் தில்லி ஆட்டோ எக்ஸ்போவில் அவந்தி என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் காட்சிக்கு வைத்தது. இந்த முறை அது பிறர் காரின் உருமாற்றம் அன்று. சொந்தப் பெயரில் ஒரு வண்டி. மாற்றுபவர் என்ற நிலையிலிருந்து உற்பத்தியாளர் என்ற நிலைக்கு நகர்ந்த இந்தப் படி வணிக முடிவு மட்டும் அன்று. உருவத்துக்கு ஆசிரியராக இருக்கச் சட்டம் அங்கீகரிக்கும் ஒரே தகுதி உற்பத்தியாளர் என்பதாகிவிட்ட காலம் அது. அந்த அங்கீகாரம் எப்போது, எப்படி மாறியது என்பதைச் சட்டத்தின் சொற்களில் காணலாம்.

1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் உருமாற்றத்தைத் தடைசெய்யவில்லை. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உண்மைக்குப் பொருந்தாமல் போகும்படி வண்டியை மாற்ற விரும்புபவர், பதிவு அதிகாரிக்கு முன்னறிவித்து ஒப்புதல் பெற வேண்டும் என்றே அது கூறியது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் முதலில் அவ்வாறே அமைந்தது. இங்கே சான்று என்பது வண்டியின் விவரணை. வண்டி மாறினால் விவரணையும் மாற வேண்டும். அதை அதிகாரி சரிபார்க்க வேண்டும்.

2000-ஆம் ஆண்டின் திருத்தம் இவ்வாக்கியத்தைத் திருத்தியது. சான்றின் விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக்கூடாது என்று பிரிவு இப்போது தொடங்குகிறது. வேறு எரிபொருளுக்கு மாற்றும் கருவி பொருத்துதல் போன்றவற்றுக்கு மட்டும் நிபந்தனையோடு விலக்குகள் உண்டு. 'உற்பத்தியாளர்' என்ற எழுவாயும் 'முதலில்' என்ற காலச்சொல்லும் புதிதாக நுழைந்தன. விவரணையாக இருந்த சான்று விதியாயிற்று. முன்பு சான்று வண்டியைப் பின்தொடர்ந்தது. இப்போது வண்டி சான்றைப் பின்தொடர வேண்டும். மொழியியல் மாணவருக்கு இது பழகிய வேறுபாடு: பேசுவதைப் பதியும் இலக்கணமும் பேசவேண்டியதை விதிக்கும் இலக்கணமும் ஒன்றல்ல.

2019 தீர்ப்பு இத்திருத்தத்தின் நேரடி விளைவு. அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம் தண்டனையையும் சேர்த்தது. உரிமையாளர் அனுமதியின்றி வாகனத்தை மாற்றியமைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் தண்டம், அல்லது இரண்டும்.

*

இக்கடுமைக்கு நியாயங்கள் உண்டு. அவற்றைப் புறந்தள்ளுவது நேர்மையாகாது. முன்பக்கம் பொருத்தப்படும் கனமான இரும்புக் காப்புகள் மோதலின்போது பாதசாரியைச் சிதைக்கின்றன. மோதல் விசை காருக்குள் பரவும் முறையையும் காற்றுப்பை விரியும் நேரத்தையும் குலைக்கின்றன. எதிரே வருபவரின் கண்ணைக் கூசச்செய்யும் முகவிளக்குகள் உயிரைப் பறிக்கும். நள்ளிரவில் வெடிக்கும் சைலன்சர் உறங்கும் நோயாளியை எழுப்பும். ஒற்றைக்கூட்டு வண்டியின் தூணை அறுப்பவர் தம் உயிரோடு உடன் வருபவரின் உயிரையும் பணயம் வைக்கிறார். 1910-இல் குதிரைகள் மிரண்டதுபோல, இங்கும் பாதிக்கப்படுபவர் பிறர்.

ஆனால் இந்நியாயங்கள் அனைத்தும் தீங்கைப் பற்றியவை. மூலத்திலிருந்து விலகுவதைப் பற்றியவை அல்ல. தீங்கில்லாத விலகலும் உண்டு, விலகாத தீங்கும் உண்டு. வேறு நாடுகளின் நடைமுறை இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது. ஜெர்மனியில் உருமாற்றிய காரை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வாளர் சோதிக்கிறார். தேறினால் மாற்றத்தை வண்டியின் ஆவணத்தில் பதிகிறார்கள். ஜப்பானில் கட்டமைப்பு மாற்றத்துக்கெனத் தனி ஆய்வு உண்டு. 1995-இல் அந்நாடு உருமாற்ற விதிகளைத் தளர்த்தவும் செய்தது. சிபா மாநிலத்தைச் சேர்ந்த அகிரா நாகாய் போர்ஷே 911-இன் சக்கரமேல் தகடுகளைத் தம் கையால் அறுத்து அகன்ற தகடுகளைப் பொருத்துவதும், அவ்வாறு கட்டிய ஒவ்வொரு வண்டிக்கும் பெயரிடுவதும் உலகறிந்தவை. மூலத்தைப் போற்றும் போர்ஷே ரசிகர்களுக்கு அது கொலை. வேறு சிலருக்கு அது கையெழுத்து. அரசு இவ்விரு ரசனைகளுக்கும் நடுவராக வேண்டியதில்லை. சக்கரம் உரசுகிறதா, தடை பிடிக்கிறதா, கூர்முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பவையே ஆய்வாளர் கேட்க வேண்டிய கேள்விகள்.

இது இந்தியாவுக்கு அயலான சிந்தனையும் அன்று. 1939 முதல் 2000 வரை இந்தியச் சட்டம் நின்ற தளம் இதுவே. இன்றும் சட்டத்துக்குள்ளேயே அதன் எச்சங்கள் உள்ளன. மாற்றுத்திறனாளி ஒருவரின் உடலுக்கு ஏற்ப வண்டியை மாற்றியமைக்கச் சட்டம் இடம்தருகிறது. பயன்படுத்துபவரின் உடல் வண்டியின் அமைப்பைத் தீர்மானிக்கலாம் என்ற கொள்கையை அது ஏற்கிறது. தேவைக்கு ஏற்ற கொள்கையை விருப்பத்துக்கும் நீட்ட வேண்டுமா, எந்த அளவுக்கு என்பது விவாதத்துக்குரியது. ஆனால் கொள்கை புதிதன்று.

இன்னொரு சான்று நெடுஞ்சாலையிலேயே கிடைக்கிறது. கண்ணாடியும் கூரையும் இல்லாத வெற்றுச் சேஸிஸ்களை முகத்தில் துணி சுற்றிய ஓட்டுநர்கள் ஓட்டிச்செல்வதைத் தமிழ்நாட்டுச் சாலைகளில் பயணம் செய்த எவரும் கண்டிருப்பர். அவை கரூருக்குப் போனால் பேருந்தாகும். திருச்செங்கோட்டுக்குப் போனால் லாரியாகும். அங்கே அத்தொழிலுக்குப் பெயர் 'பாடி கட்டுதல்'. லண்டன் கைவினைப் பட்டறைகள் செய்ததும் இதுவே. சேஸிஸ் ஓர் ஊர், கூடு ஓர் ஊர், நிறமும் ஓவியமும் முதலாளியின் தேர்வு. பேருந்துக்கும் லாரிக்கும் கூட்டுத் தர விதிகள் இப்போது வந்துவிட்டன. ஆனால் அவை கூடு எப்படிப் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று கேட்கின்றனவே அன்றி, கூடு கட்டும் தொழிலையே மறுக்கவில்லை. 'கட்டுதல்' என்ற வினை தமிழில் இன்னும் வழக்கில் இருப்பதற்கு அத்தொழில் உயிரோடு இருப்பதே காரணம். காருக்கு அவ்வினை இல்லை. காரில் 'டிங்கர் வேலை' செய்கிறார்கள், 'பட்டி பார்க்கிறார்கள்'. எல்லாம் அடிபட்ட வண்டியைப் பழைய நிலைக்கு மீட்கும் வினைகள். பழைய கார்ச் சந்தையில் மிக உயர்ந்த பாராட்டு 'கம்பெனி பெயிண்ட்' என்பது. எவர் கையும் படாததே மதிப்பு.

*

செய்வித்தல் முற்றிலும் மறைந்துவிட்டதா என்றால், இல்லை, மேலே ஏறிக்கொண்டது. போர்ஷே நிறுவனம் 1978-இலேயே வாடிக்கையாளரின் தனி விருப்பங்களை நிறைவேற்ற ஒரு பிரிவை அமைத்தது. 'சிறப்பு விருப்பம்' என்ற பொருள்தரும் 'சோண்டர்வுன்ஷ்' என்பதே அதன் பெயர். ஃபெராரிக்கு 'டெய்லர் மேட்' திட்டம் உண்டு. ரோல்ஸ்-ராய்ஸ் தன் திட்டத்துக்கு 'பெஸ்போக்' என்று பெயரிட்டிருக்கிறது. முன்கூட்டிப் பேசி வைத்தல் என்ற பொருளுடைய பழைய ஆங்கில வினையிலிருந்து தையற்கடை வழியாக வந்த சொல் அது. இத்திட்டங்களில் நிறமும் தையலும் மரமும், சில வேளைகளில் உடலின் வடிவமும்கூட வாங்குபவரின் தேர்வு. ஆனால் தேர்வை நிறைவேற்றுபவர் உற்பத்தியாளர். எனவே விளைவது எதுவாயினும் அது 'மூலம்'.

ஆகவே இன்றைய நிலை இதுதான். பல கோடி ரூபாய் கொடுத்து ஐரோப்பியத் தொழிற்சாலையில் தம் விருப்பப்படி ஒரு ஸ்போர்ட்ஸ் காரை அமைப்பவர் செய்விப்பவர். பழைய காரொன்றை வாங்கி, ஊர்ப் பட்டறையில், கண்ணாடியிழையில் வார்த்த முன்தாங்கியும் அகன்ற சக்கரமேல் தகடும் பொருத்துபவர் மாற்றுபவர். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அவருக்காகக் காத்திருக்கிறது. முன்னவரின் வண்டி அனைத்துச் சோதனைகளையும் கடந்து வருகிறது என்பது உண்மை. பின்னவரின் வண்டிக்கு அச்சோதனையைக் கேட்டுப் பெறும் வழி திறந்திருக்கவில்லை என்பதும் உண்மை. 1935-இல் சாமானியரிடம் கார் இல்லை. இன்று கார் இருக்கிறது, அதன் உருவத்தைப் பற்றிய சொல் அவருடையதாக இல்லை.

அந்தப் பட்டறைக்காரருக்கும் இதில் பங்குண்டு. தகட்டை வளைத்து, தட்டி, தேய்த்து, ஒரு வளைவின் மேல் உள்ளங்கையை ஓட்டியே பிழை கண்டுபிடிக்கும் அறிவு நூல்களில் எழுதப்படாதது. கர்னி நட்டிங் பட்டறையில் அவ்வறிவு இருந்தது. அவர்கள் கட்டிய கார்கள் இன்று அருங்காட்சியகங்களில் நிற்கின்றன, ஏலங்களில் பெருந்தொகை பெறுகின்றன. இந்திய நகரங்களின் பட்டறைகளிலும் அவ்வறிவு இருக்கிறது. அங்கு அது விபத்துக்குள்ளான வண்டியைப் பழையபடி ஆக்குவதற்கு மட்டுமே சட்டப்படி பயன்படலாம். ஒரு கைத்தொழில் மீட்டலுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டு ஆக்கத்துக்கு மறுக்கப்படும்போது, காலப்போக்கில் மீட்கும் திறனும் மங்கும்.

வாகன உருமாற்றம் பற்றிய விவாதம் இந்தியாவில் பெரும்பாலும் இரு துருவங்களில் நிகழ்கிறது. ஒரு புறம் தனிமனித விருப்பம், மறுபுறம் சாலைப் பாதுகாப்பு. வரலாற்றில் வைத்துப் பார்க்கையில் இவ்விரண்டும் எதிரிகளாக இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை என்பது தெரிகிறது. கல்கத்தாக் காவலர்களின் கவலை தெருவைப் பற்றியதாகவே நின்றது. அன்னத்தின் கழுத்து அழகா, அது யாருடைய வரைபடம் என்ற கேள்விகளுக்கு அது விரியவில்லை. 61 ஆண்டுகள் நடைமுறையில் இருந்த சட்டமும் மாற்றத்தைப் பதியச் சொன்னதே அன்றி மூலத்தைப் பூசிக்கச் சொல்லவில்லை. 52-ஆம் பிரிவை அடுத்த முறை திருத்த அமர்பவர்கள், அதன் பழைய வாக்கியத்தை ஒருமுறை எடுத்துப் படிப்பது நல்லது.